மேடையில் மிக்சர், கடைசி வரிசையில் அக்கா

இன்று மாலை கரமனையில் ஒரு வீணைக் கச்சேரி. ஒலி அமைப்பு முழுவதும் என் அக்காவின் பொறுப்பு. அவள் தனியாக எடுத்த முதல் வேலை.

புது டிஜிட்டல் மிக்சர் மிகவும் சிறியது. பதினாறு மைக் வரை இணைக்கலாம் என்றாலும், பஸ்ஸில் என் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். அதை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு, அக்கா டேப்லட்டுடன் கடைசி வரிசைக்குப் போய் நின்றாள். வைஃபை மூலம் ஒலி அளவுகள் எல்லாவற்றையும் அங்கிருந்தே மாற்றலாம். நானும் அவள் பக்கத்தில் நின்றேன்.

கச்சேரி தொடங்கியதும் சபாச் செயலாளர் மாமா எங்களிடம் வேகமாக வந்தார். அவர் பேசும் தமிழில் மலையாளமும் கலந்திருக்கும்.

"மிக்சர் கிட்ட ஒருத்தரும் இல்லையே! ஆபரேட்டர் எங்கே?"

"நான்தான் மாமா" என்றாள் அக்கா.

"நீயா? இங்கே நின்னுண்டு கேம் விளையாடறே! பழைய ஆளையே விளிச்சு வரச் சொல்றேன், கேட்டோ."

அவர் போனை எடுத்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் ஊளையிட்டது.

அக்கா டேப்லட் திரையில் உயர்ந்து நின்ற ஒலிக்கோடு ஒன்றை விரலால் கீழே இழுத்தாள். ஊளை நின்றது. வீணை மட்டும் கேட்டது.

மாமா மேடையைப் பார்த்தார். மிக்சர் பக்கத்தில் இப்போதும் யாரும் இல்லை.

"இங்கேருந்தா நிறுத்தினே?"

"ஆமா மாமா. ஜனங்க காதுக்கு எப்படிக் கேக்குதுன்னு இங்க நின்னாத்தானே தெரியும்?"

மாமா போனைப் பைக்குள் போட்டார். "ஆபரேட்டருக்கு ஒரு நாற்காலி போடுங்கோ!" என்றார். முன் வரிசைகூடத் திரும்பிப் பார்த்தது.

நாற்காலி ஒன்றுதான் வந்தது. ஆபரேட்டரின் தங்கை என்ற பதவிக்கு நாற்காலி கிடையாதாம். நின்றுகொண்டே பெருமைப்பட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி நிற்கும் பதவியில் யாராவது உண்டா?