சொல்லிவிட்டேன் என்று சொன்னது

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் அரசு அலுவலகத்தில் கிளார்க். மனு எழுதவும், சண்டை சச்சரவு என்றால் பேசிப் பார்க்கவும் தெருக்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வீட்டுக்காரர் சொந்த வேனில் பவுண்டரிகளுக்கு லோடு அடித்தார். நல்ல மனிதர். ஆனால் சாயங்காலம் குடித்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார். வேன் சத்தம் கேட்டாலே பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒருநாள் குழாயடியில் இருந்த குடங்களை நசுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் எதிர்வீட்டு நர்ஸம்மா வந்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கணவர் லேத் பட்டறையில் டர்னர். "சார், நீங்க சொன்னா அவரு கேப்பாருங்க. போலீசுக்குப் போனா பொழப்புக் கெட்டுப்போகும். அதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அவர் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வெள்ளகோவிலில் என் தங்கை புது வீடு கட்டியிருந்தாள். அவளுக்குக் கட்டிலும் பீரோவும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. என் வாயில் வந்தது அதுதான். "அதுக்கென்னுங்க, டீசல் மட்டும் போட்டுக்குங்க" என்றார். சந்தோஷமாக வெளியே வந்தேன்.

தன் வீட்டு வாசலில் சிஸ்டர் நின்றிருந்தார். "சொல்லிப்போட்டேன் சிஸ்டர், இனிமே பாத்துக்கறேன்னாரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெள்ளகோவில் போன அன்று அவர் குடிக்கவில்லை. காங்கேயத்துக்கு முன்னால் போலீஸ் வண்டிகளை நிறுத்துவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, ஒரு மண்பாதையில் திருப்பினார். ஏன் என்று கேட்டேன். இன்சூரன்ஸ் முடிந்து ஏழெட்டு மாசமாச்சுங்க, கட்டோணும் என்று சாதாரணமாகச் சொன்னார். பின்னால் என் தங்கையின் பீரோ ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, ஆறு மணி இருக்கும், பட்டறையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த சிஸ்டரின் கணவரை அந்த வேன் தெருமுனையில் இடித்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. வேன்காரரைப் போலீஸ் கொண்டுபோனபோது அவரால் நேராக நிற்க முடியவில்லை. பாலிசி இல்லாததால் இன்சூரன்சிலிருந்து எதுவும் கிடைக்காது என்று ஆயிற்று. வண்டியை விற்று ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தார்.

டர்னரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கட்டிலைச் சுற்றித் தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களிடம் சிஸ்டர், "சார் அன்னைக்கே போயி சொன்னாருங்க. அந்த மனுசந்தான் காதுல போட்டுக்கலை" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். அன்று நடந்ததிலேயே என்னால் தாங்க முடியாதது அதுதான்.

நான்கு மாதம் போயிற்று. டர்னர் கட்டையூன்றி வாசலில் நடந்து பழகுவதை ஜன்னல் வழியாகப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன். கடைசியில் ஒரு மத்தியானம் போய் சிஸ்டரிடம் சொன்னேன். வேன்காரரிடம் நான் குடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, வண்டி கேட்டுவிட்டு வந்தேன், இன்சூரன்ஸ் இல்லாததும் எனக்குத் தெரியும் என்றேன்.

அவர் யூனிபார்ம் மடித்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மடித்ததைக் கட்டிலில் வைத்துவிட்டு, "சொல்லலைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நானே போயிக் கேட்டிருப்பேனுங்க" என்றார்.

உள்ளேயிருந்து கணவர் யார் வந்திருப்பது என்று கேட்டார். எதிர்வீட்டு சார் என்று சிஸ்டர் பதில் சொன்னார். என்ன விஷயம் என்று அவரிடம் அப்போது சொல்லவில்லை. பிறகு சொன்னாரா, தெரியாது. டர்னரால் அதற்குப்பின் லேத்தில் நின்று வேலை செய்ய முடியவில்லை. அதே பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிற ஸ்டோர் வேலை கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் நான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் படிப்புக்காக என்று தெருவில் சொன்னேன்.