முதல் முட்டை உடைந்தபோது எடுத்த படம்

ஒரு காரியத்தை இரண்டு பேர் மட்டும் பார்த்து, அவர்களில் பெரியவர் தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால், சின்னவர் பார்த்தது என்ன ஆகும்? நடந்தது நடக்காமல் போய்விடுமா? அல்லது நடந்தது அப்படியே இருக்க, பார்த்த கண் மட்டும் கெட்டுப்போகுமா? முட்டை உற்பத்தியாளர் சங்கத்தில் விழாக்களை நடத்திவந்த ஒருவருடைய வாழ்க்கை இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவரை நல்லவர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கெட்டவர் என்று சொல்ல அதைவிடத் தயக்கம். வேலையைப் பிசகில்லாமல் செய்பவர் என்று எல்லோரும் சொல்வார்கள், அதிலும் ஒரு பிசகு இருந்தது.

டயர் கடைக்கு மேலே, மாடியில் சங்கத்தின் அலுவலகம். ஏறும்போதே ரப்பர் வாசனை மூக்கைப் பிடிக்கும். அவருடைய அறையில் ஒரு மேசை, மடக்கு நாற்காலிகள், சுருட்டி வைத்த பேனர்கள். மூலையில் ஒரு கொக்கியில் முட்டை வடிவ உடை தொங்கும். பஞ்சு திணித்த வெள்ளைத் துணி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை. உள்ளே ஆள் இல்லாதபோதும் யாரோ தலையைக் குனிந்து நிற்பதுபோல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் ஒரு கணம் திடுக்கிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். "பயப்படாதீங்க, அவரும் நம்ம ஸ்டாஃப்தான். சம்பளம்தான் கிடையாது" என்பார் அவர்.

முட்டையைக் கொண்டாட வைப்பதுதான் அவர் வேலை. உலக முட்டை தினம் வந்தால் ஊரே அவர் கைக்குள். பள்ளிப் பிள்ளைகள் அட்டை பிடித்து ஊர்வலம் போவார்கள். மருத்துவர் ஒருவர் புரதத்தைப் பற்றிப் பேசி எல்லோரையும் கொட்டாவி விட வைப்பார். கரண்டியை வாயில் கவ்வி, அதில் முட்டையை வைத்துப் பெரிய மனிதர்கள் ஓடுவார்கள். கடைசியில் மைதானத்து மேடையில், நாலு பேர் படுத்துக்கொள்ளக்கூடிய ஒரு ராட்சத வாணலியில் ஆம்லெட் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். பிள்ளைகள் அவரை முட்டை மாமா என்றார்கள். வீட்டில் அவ்வளவு மரியாதை இல்லை.

"ஊருக்கே ஆம்லெட் போடுறாரு," என்பாள் மனைவி. "வீட்ல ஒரே ஒரு முட்டைய உடைக்கச் சொன்னா பாதி ஓடு உள்ள விழுது. கடிச்சா நறநறங்குது."

"அது கால்சியம். தனியா காசு கேக்கல பாரு."

விழாவில் பிள்ளைகள் அதிகம் மொய்ப்பது ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால். உள்ளே மிதமான சூட்டில், பொரிக்கும் தறுவாயில் இருக்கும் முட்டைகள். ஓடு விரிசல் விட்டு, அலகு எட்டிப் பார்த்து, ஈரமாக ஒரு குஞ்சு வெளியே வந்து விழுவதை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். இந்த முட்டைகள் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வரும். தின்னும் முட்டையோடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்தக் குறியை மறப்பதில்லை.

அவர் மறக்கவில்லை, அழிக்கச் சொன்னார். அந்த வருஷம் வெளியூரிலிருந்து பெயர்பெற்ற போட்டோக்காரர் ஒருவரை வரவழைத்திருந்தார்.

"கிறுக்கின முட்டை படத்துல அழுக்கா தெரியும்யா. எல்லாத்தையும் ரப்பர் வச்சு அழிச்சிடுங்க."

"அப்புறம் எது தின்கிறது, எது பொரிக்கிறதுன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டான் பொரிப்பகத்து ஆள்.

"எனக்குத் தெரியும்."

கண்ணாடிப் பெட்டியில் எல்லா முட்டைக்கும் இடம் போதவில்லை. மிஞ்சியதைக் குழி குழியான ஒரு முட்டை அட்டையில் வைத்துத் துணி போட்டு மூடினார்கள். குளிர்ந்தால் உள்ளே இருப்பது செத்துப்போகும். சூடு எங்கே கிடைக்கும் என்று பார்த்து, மேடையில் வாணலி அடுப்புக்குப் பக்கத்தில் அவரே கொண்டுபோய் வைத்தார். நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார். பிறகு மேடைக்கு மைக் வந்தது, பூங்கொத்து வந்தது, சங்கத் தலைவர் வந்தார். துணியை யாரோ கை துடைக்க எடுத்துக்கொண்டு போனார்கள். தின்னும் முட்டைகளோடு அதே போன்ற அட்டைகள் மேசை முழுக்க அடுக்கியிருந்தன.

முதல் முட்டையை ஒரு குழந்தை உடைப்பது வழக்கம். அந்த வருஷம் அவருடைய மகள். பாப்பாவுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்த வயது. ஸ்டூலின் மேல் ஏற்றி நிறுத்தி, கைக்கு எட்டிய அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்பா, சூடா இருக்குப்பா."

"அடுப்பு பக்கத்துல இருந்துச்சுல்ல. உடைடா கண்ணு. போட்டோ மாமாவைப் பாரு."

அவள் வாணலி விளிம்பில் தட்டினாள். ஓடு வழக்கம்போல விரியவில்லை, பிய்ந்தது. மஞ்சள் கரு விழ வேண்டிய இடத்தில் வேறொன்று விழுந்தது. ஈரமாக, முழுதாக, கண் மூடியபடி. அலகு ஒரு தடவை திறந்தது.

வாணலியின் விளிம்பு உயரமானது. கீழே இருந்த கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. போட்டோக்காரர் கீழிருந்து முகத்தைத்தான் குறிபார்த்திருந்தார். அடித்துக் கலக்கிய முட்டையை வாளி வாளியாக வைத்துக்கொண்டு சமையல்காரர்கள் விழாவை நடத்தும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கையைத் தூக்கினால்தான் ஊற்றுவார்கள். கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் கையைத் தூக்கினார்.

வாளிகள் கவிழ்ந்தன. வாணலி மஞ்சளாக நிரம்பியது. அந்த ஓரத்தை மட்டும் வெட்டித் தனியே எடுத்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அங்கேயே நகராமல் நின்றார். ஆனால் சமையல்காரர்கள் மண்வெட்டி போன்ற கரண்டிகளால் புரட்டிப் புரட்டி, எது எந்த ஓரம் என்று தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். பிறகு தட்டுகள் போயின. அவர் ஒவ்வொரு தட்டையும் பார்த்தார், ஒவ்வொரு வாயையும் பார்த்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. "நீங்களும் சாப்பிடுங்க, காலையிலேர்ந்து ஓடுறீங்க" என்று தலைவர் ஒரு தட்டை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டார்.

வேனில் திரும்பும்போது பாப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"அப்பா, நீங்க பார்த்தீங்கல்ல?"

"எதைம்மா?"

"முட்டைக்குள்ள. அது வாயத் திறந்துச்சு."

"நான் ஒண்ணும் பார்க்கலையே. வெறும் மஞ்சக் கருதான் விழுந்துச்சு. லைட்டு கண்ணுல அடிச்சதுல உனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வேனுக்கு வெளியே பார்த்தார். வாழ்க்கையில் அவர் சொன்ன மற்றப் பொய்களெல்லாம் விளம்பரத்துக்காகச் சொன்னவை, அவற்றை யாரும் நம்பவில்லை. இதை ஒருத்தி நம்பினாள்.

போட்டோக்காரர் படத்தை அனுப்பினார். அகலத் திறந்த கண்கள், ஒரு பல் இல்லாத திறந்த வாய், விளிம்பின் மேல் இரண்டு சின்னக் கைகள். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். இப்படி ஒரு வியப்பை எந்தக் குழந்தை முகத்திலும் பார்த்ததில்லை என்று தலைவர் சொன்னார். சங்கம் அதன் கீழே 'உள்ளே என்ன அதிசயம்!' என்று பெரிய எழுத்தில் ஒரு வரியைப் போட்டுச் சுவரொட்டி அடித்தது. பல நாட்டு முட்டைச் சங்கங்கள் கூடும் மாநாட்டில் அது பரிசு வாங்கியது. பிறகு மற்ற நாட்டுச் சங்கங்களும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

அதற்குப் பிறகு அந்த முகத்திடமிருந்து அவருக்குத் தப்பிக்க வழியில்லை. பேருந்தின் பின்புறம் ஒட்டிக்கொண்டு அது அவரைக் கடந்து போகும். ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும். மூடிய கடையின் ஷட்டரில் பாதி சுருண்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்கும். வேறு நாடுகளிலிருந்து, படிக்கத் தெரியாத எழுத்துகளோடு அதே முகம் தபாலில் வரும். ஒரு வருஷம் எங்கோ ஓர் ஊரில் நடந்த முட்டை ஊர்வலத்தின் வீடியோவை அனுப்பியிருந்தார்கள். அந்த முகத்தை முகமூடியாகச் செய்து பிள்ளைகளுக்கு மாட்டியிருந்தார்கள். தெரு நிறைய அவர் மகள். எல்லா வாய்களும் திறந்தபடி, ஒரு சத்தமும் இல்லாமல், கேமராவை நோக்கி நடந்து வந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. முட்டையை உடைக்கும் முன் காதருகே வைத்துக் கேட்பார். பொரிக்கப் போகும் குஞ்சு ஓட்டுக்குள் இருந்தே கீச்சிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கடை முட்டையில் கரு வளர வழியே இல்லை என்பதும் தெரியும். அவருக்கும் தெரியும். அப்படியும் கேட்பார். மேடையில் அவர் அப்படிச் செய்வதைக் கோமாளித்தனம் என்று நினைத்துப் பிள்ளைகள் கூவுவார்கள்: "முட்டை மாமா, என்ன சொல்லுது?"

"உங்களைச் சாப்பிடச் சொல்லுது!" என்பார். சிரிப்பு அலையடிக்கும். முட்டை விற்பனை அந்த வருஷங்களில் நன்றாகவே ஏறியது.

மகளுக்கு நேர்ந்தது அவ்வளவு வேடிக்கையானதல்ல. "எதைக் கேட்டாலும் பக்கத்துல இருக்கிற பொண்ணப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்றா" என்று பள்ளியில் டீச்சர் சொன்னாள். கதவைப் பூட்டினால், "பூட்டிட்டேனாம்மா?" என்று கேட்பாள். மழை பெய்யும்போது ஜன்னலில் நின்றுகொண்டு, "மழை பெய்யுதுல்ல?" என்பாள். மனைவி முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. படிப்பில் கெட்டிக்காரியாக இருந்ததால் பெண் வளர்ந்து பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். நோயாளிகளின் ரத்தமும் சதையும் தடவிய கண்ணாடிச் சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்து, தெரிவதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் ஒழுங்காகப் பார்ப்பாள், சரியாக எழுதுவாள், கையெழுத்து மட்டும் போடமாட்டாள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கும் தெரியுதா?" என்று கேட்பாள். ஒரு தடவை கேட்கலாம், ஒவ்வொரு தடவையும் கேட்டால் எந்த அதிகாரிதான் பொறுப்பார்? இப்படியே இருந்தால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லி, யோசித்து வரும்படி விடுப்பில் அனுப்பினார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தாள். அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாளே இருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் அவர் ஒரு முட்டையைக் காதருகே பிடித்துக்கொண்டிருந்தார். மகள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்ப்பா எப்பவும் காதுல வைக்கிறீங்க?"

"சும்மா. பழக்கம்."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் உங்களக் குத்தம் சொல்ல வரல. அன்னிக்கு நான் பார்த்தது நிஜமா இல்லையா? நிஜம்னு சொன்னா, என் கண்ணு நல்ல கண்ணுன்னு நான் போய் கையெழுத்து போடுவேன். இல்லைன்னா வேற வேலை பார்த்துக்கறேன். அவ்வளவுதான்ப்பா."

அவர் முட்டையைக் கிண்ணத்தில் மெதுவாக வைத்தார். உருண்டு விழாமல் இருக்க விரலால் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்ல அதைவிடத் தோதான இடம் கிடைத்திருக்காது.

"சின்னப் பிள்ளைங்க என்னென்னவோ பார்க்கும்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்ப் பையில் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

மனைவி திரும்பி வந்தபோது கூடவே சங்கத்தின் புதுச் செயலாளரும் வந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர். கையில் இரண்டு சுருள்கள். ஒன்றை விரித்தார். கை கால் முளைத்து, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கார்ட்டூன் முட்டை. இன்னொன்று அந்தப் பழைய சுவரொட்டியின் புது அச்சு.

"சார், உங்க காலத்தோட இந்தப் படத்தையும் முடிச்சுக்கலாம்னு கமிட்டியில பேச்சு. வெளிநாட்டுக்காரங்களுக்கும் இனி இந்தக் கார்ட்டூனைத்தான் அனுப்பப் போறோம். படத்துல இருக்கறது உங்க வீட்டுப் பொண்ணு. உங்களுக்குச் சம்மதமான்னு கேக்காம எடுக்கறது முறையில்ல. எடுத்துடலாம்ல?"

"எடுத்துடட்டும்ங்க," என்றாள் மனைவி. "எனக்கும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. இவளுக்கும் ஊருக்குள்ள தலை காட்ட முடியல, எல்லாரும் முட்டைப் பொண்ணுங்கறாங்க. என்னடி?"

"எடுத்துடலாம்மா" என்றாள் மகள், பையிலிருந்து தலை நிமிராமல். "அதுல ஒண்ணும் இல்ல."

அவர் சுவரொட்டியை மேசையில் விரித்து, நாலு மூலையையும் தடவிச் சமமாக்கினார். இத்தனை வருஷங்களில் அந்தப் படத்தை அவ்வளவு நேரம் அவர் பார்த்து யாரும் கண்டதில்லை.

"படம் இருக்கட்டும்" என்றார்.

"சார்?"

"எல்லா ஊர்லயும் இருக்கட்டும். இந்த வரி மட்டும் வேண்டாம்."

"வரி இல்லாம வெறும் முகத்தைப் போட்டா, எதுக்குன்னு யாருக்கு சார் புரியும்? பார்க்கறவங்க பயந்துடுவாங்க!"

மனைவியின் தையல் பெட்டியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துவந்தார். 'உள்ளே என்ன அதிசயம்!' என்ற வரியின் மேலே, மகளுடைய விரல்களுக்கு ஒட்டி, கோணாமல் வெட்டினார். வரி போனதும் படத்தில் வியப்பு இல்லை, எதையோ நிஜமாகவே பார்த்துவிட்ட ஒரு முகம்தான் இருந்தது. மகள் மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது. வெட்டிய துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படத்தைச் செயலாளரிடம் நீட்டி, இப்படியே அச்சடித்தால் சம்மதம், இல்லாவிட்டால் இல்லை என்றார். ஏன் என்று அன்றைக்கும் கேட்டார்கள், பிறகும் பல தடவை கேட்டார்கள். அவர் யாருக்கும் சொல்லவில்லை.