ஒரு கதலிக்கு ஐம்பது கலோரி

தோல் உரித்த வாழைப்பழம் நூறு கிராமில் ஏறக்குறையத் தொண்ணூறு கலோரி இருக்கிறது. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மாச்சத்தும் சீனியுமாக இருபத்துமூன்று கிராம். நார்ச்சத்து இரண்டரை, புரதம் ஒன்றுக்குச் சற்று மேல், கொழுப்பு இருக்கிறதென்று சொல்லவே கூச்சமான அளவு. பி ஆறு விற்றமின் உண்டு. பொட்டாசியம் முந்நூற்றைம்பது மில்லிகிராமுக்கு மேல். இந்த எண்களில் பிழை இல்லை. இன்றைக்கும் இவற்றுக்காக யாரோடும் வாதாடத் தயார்.

இதையெல்லாம் நான் படித்தது என் வயிற்றைக் குறைக்க. சிலர் அதற்காக விடிய எழும்பி நடப்பார்கள். எனக்கு எதையும் வாசித்துத்தான் பழக்கம். மூன்று மாதம் வாசித்தேன்; ஒரு கிலோ கூடினேன்.

வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் எங்கள் குசினித் தண்ணீர் போய் விழும் இடத்தில் ஐந்தாறு கதலி மரங்கள் நிற்கின்றன. கதலி சின்னப் பழம். 'ஒரு வாழைப்பழம் நூறு கலோரிக்கு மேல்' என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். அவர்கள் மனதில் இருப்பது ஆனைவாழை மாதிரி ஒரு நீட்டுப் பழம். எங்களுக்கென்று ஒரு கணக்கு வேண்டாமா? மனைவி கேக் அடிக்க வைத்திருந்த தராசை எடுத்துப் பத்துக் கதலியைத் தோல் உரித்து நிறுத்தேன். சராசரி ஐம்பத்தைந்து கிராம். ஆகவே ஒரு கதலி ஐம்பது கலோரி. கதலி, கப்பல், இதரை, ஆனைவாழை என்று எங்கள் வாழை இனங்களுக்கு ஒரு அட்டவணை எழுதிக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். பொட்டாசிய நிரலுக்கு மட்டும் சிவப்புப் பேனையால் ஒரு நட்சத்திரம். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வாசித்திருந்தேன்.

மனைவி அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்தா.

"இஞ்சருங்கோ, நிறுத்த பத்துப் பழமும் எங்கை?"

சாப்பிட்டிருந்தேன். ஐந்நூறு கலோரி.

அடுத்த கிழமை அத்தான் வந்தார். அக்காவின் கணவர். ஓமந்தைப் பக்கம் ஆறு ஏக்கர் வயல் செய்கிறவர். ஒரு வருடமாகச் சிறுநீரகம் பழுதுபட்டுக்கொண்டு வருகிறது. வவுனியா ஆஸ்பத்திரியில் மாதக் கிளினிக். போன முறை டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இரத்தப் பரிசோதனை இன்னும் மோசமானால் மெசினில் போட்டு இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரும், கிழமைக்கு மூன்று நாள். அத்தானுக்கு மெசின் பயமில்லை. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் வயலை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும். அதை நினைத்துத்தான் அந்த மனிதர் மெலிந்துகொண்டிருந்தார்.

அக்கா மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் பளைக்குப் போயிருந்தா. அதனால் அடுத்த கிளினிக் வரைக்கும் பத்து நாள் அத்தான் எங்கள் பொறுப்பு. "தம்பி, ஆள் துரும்பாப் போனார். வடிவாச் சாப்பிட வை" என்று அக்கா போனில் சொன்னா. சொன்னது யாரிடம் என்பதை அவா யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் காலை அரிசிமாப் புட்டு. அத்தானின் புட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் இரண்டு கதலியை வைத்தேன். அவர் பழத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"மச்சான், இதை நான் தின்னலாமே?"

"ஆர் வேண்டாமெண்டது?"

"கிளினிக் சுவரிலை ஒரு படம் கிடக்கு. எங்களுக்குக் கூடாத சாமானெல்லாம் கீறியிருக்கு. வாழைப்பழமும் அதிலை இருக்கு."

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருந்தன. நான் கேட்டது ஒன்றுதான்.

"என்ன வாழைப்பழம், அத்தான்?"

"நல்ல நீட்டு. மஞ்சள்."

"அது ஆனைவாழை. இது கதலி."

"அதுதானே நானும் யோசிச்சனான்" என்றார் அத்தான், பாரம் இறங்கினவர் மாதிரி.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் வீடுகளில் வாழைப்பழம் என்று பொதுவாக ஒரு பழம் இல்லை. ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குணம், தனிக் குற்றம். ஒன்று குளிர், ஒன்று சளி, ஒன்று வயிற்றை மந்தமாக்கும். தடிமன் பிடித்து மூக்கொழுகும் பிள்ளைக்கு ஆனைவாழையைக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது. கதலி மேல் மட்டும் ஒருவரும் குற்றம் சொன்னதில்லை. அதுவும் வீட்டு மரத்துக் கதலி என்றால் அது எந்தப் பத்தியத்துக்கும் வெளியே. இரண்டு வளர்ந்த ஆண்கள், அதில் ஒருவர் அட்டவணை எழுதியவர், இதை மனதார நம்பினோம்.

அத்தான் பழத்தைப் புட்டோடு போட்டுப் பிசைந்தார். விரல் இடுக்கால் பழம் பிதுங்கி வர, ஒரு வருடமாக நான் காணாத சிரிப்பொன்று அவர் முகத்தில் வந்தது. காலை இரண்டு, நாலு மணித் தேத்தண்ணியோடு இரண்டு, இரவு இரண்டு. ஆறு கதலி, முந்நூறு கலோரி. நான் அட்டவணைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன்.

"படிச்ச மச்சான் ஒருத்தன் வீட்டுக்கு வேணும்" என்றார் ஆறாம் நாள். அன்றைக்கு நிறுத்துப் பார்த்ததில் ஒரு கிலோ கூடியிருந்தார். அது சதையா, உடம்பில் நின்ற தண்ணீரா என்று கேட்கும் அறிவு எனக்கு வரவில்லை. எட்டாம் நாள் காலெல்லாம் சோருகிறது என்றார். தசைச் சோர்வுக்குப் பொட்டாசியம் நல்லது என்று நான் வாசித்திருந்தேன். ஏழாவதாக ஒரு கதலி கொடுத்தேன்.

கிளினிக் அன்று காலை இரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் அவசரமாகக் கூப்பிட்டு, நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். பிறகு ஒரு மிஸி வந்தா. எங்கள் ஊர்களில் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம். வயது முப்பது இருக்கும். குரலுக்கு இன்னும் கூட.

"ஐயா, என்ன சாப்பிட்டனீங்கள்? இளநி குடிச்சனீங்களோ?"

"இல்லை மிஸி. மச்சான் தந்த பழம்தான்."

மிஸி என் பக்கம் திரும்பினா. "எத்தினை?"

"ஒரு நாளைக்கு ஆறு. ஆனால் கதலி. ஒண்டு ஐம்பத்தைஞ்சு கிராம்தான்."

"கிராமெல்லாம் தெரிஞ்சிருக்கு. அதிலை பொட்டாசியம் இருக்கிறது தெரியாதோ?"

"தெரியும்" என்றேன். பொய் சொல்லவில்லை. நட்சத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நல்ல சிறுநீரகம் மிஞ்சின பொட்டாசியத்தை வெளியே அனுப்பிவிடுமாம். அத்தானுடையதால் முடியாது. அது இரத்தத்தில் ஏறி ஏறிப் போனால் இதயத்தில் கை வைக்கும். டொக்டர் அத்தானை வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்தார். இரண்டு நாள் மருந்து, இறங்காவிட்டால் மெசின். அத்தான் என்னைத் திட்டவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு, வயலை எவனிடம் கொடுக்கலாம், எவனிடம் கொடுக்கக் கூடாது என்று பெயர் பெயராக எண்ணிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அந்தக் குறையை அக்கா போனில் தீர்த்தா.

"டேய், என்னடா குடுத்தனீ?"

"பழம், அக்கா."

"கூடாதெண்டு அவர் சொல்லேல்லையோ?"

"சொன்னவர். நான்தான் இது கதலி எண்டு..."

"ரெண்டு மூதேவியளும் சேந்து ஒரு மரத்தை மொட்டையடிச்சிருக்கிறியள்" என்றா. பிறகு அழுதா. அழுகைக்கு என்னிடம் அட்டவணை இல்லை.

அடுத்த நாள் ஓமந்தையிலிருந்து அயலட்டைச் சனம் வரத் தொடங்கியது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருகிற வழக்கம் எங்களிடம் இல்லை. கையில் என்ன? சீப்புச் சீப்பாகப் பழம். நான் வாட் வாசலில் போய் நின்றுகொண்டேன். உள்ளே ஒரு பழம் போகவிடவில்லை. பக்கத்து வயல்காரர் ஒருவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாதாடினார்.

"தம்பி, இது மருந்தடிச்ச கடைப்பழமில்லை. எங்கடை வீட்டுக் கதலி."

"வீட்டு மரத்திலையும் பொட்டாசியம் இருக்கு, அண்ணை."

"இதை எந்த விசரன் சொன்னவன்?"

"ஆறு பழம் குடுத்த விசரன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பையை என்னிடம் தந்தார். இரண்டு நாளில் பதினொரு சீப்பு. அவ்வளவையும் மற்ற வாட்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன், ஒவ்வொருவரிடமும் என்ன வருத்தம், சிறுநீரகமோ என்று கேட்ட பிறகு.

மூன்றாம் நாள் காலை றிப்போட் வந்தது. பொட்டாசியம் இறங்கியிருந்தது. மெசின் இப்போதைக்குத் தேவையில்லை என்றார் டொக்டர். 'இப்போதைக்கு' என்ற சொல்லை அத்தானைப் பார்த்தும் ஒருமுறை, என்னைப் பார்த்தும் ஒருமுறை சொன்னார். என்ன பழம் சாப்பிடலாம் என்று மிஸியிடம் கேட்டேன். அன்னாசி ஒரு துண்டு, இல்லாவிட்டால் சின்ன அப்பிள் ஒன்று என்றா. அதில் எத்தனை கலோரி என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அத்தானைக் கொண்டுபோய் ஓமந்தையில் விட்டேன். வீட்டுக்குள் போய்ப் படுங்கோ என்றேன்.

"நாளைக்குக் குளத்திலை தண்ணி திறக்கினம், மச்சான். வாய்க்கால் புல்லுச் செருக்கிக் கிடக்கோ தெரியாது."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் இறங்கினார். கால் இன்னும் கொஞ்சம் தளர்வுதான். இரண்டு இடத்தில் நின்று மூச்சு எடுத்தார். ஒரு சத்தம் போட்டுக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் குனிந்து, வாய்க்காலில் அடைத்துக் கிடந்த புல்லைக் கையால் அள்ளிக் கரையில் போடத் தொடங்கியிருந்தார்.