பெரியம்மா நடித்த படம்

டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றதும் பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலுக்குள் ஷூட்டிங். கல்யாணத்துக்கு முன்பே எதிர்பாராமல் கர்ப்பமாகிவிட்ட இளம்பெண்ணைப் பற்றிய நகைச்சுவைப் படமாம். அவளைத் திட்டி விரட்டும் அம்மா வேஷத்துக்கு வரவேண்டிய நடிகை வரவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவை அந்த வேஷத்தில் நிறுத்திவிட்டார்கள். "வசனமெல்லாம் வேண்டாம்மா, உங்க பொண்ணு இப்படி வந்து நின்னா என்ன சொல்வீங்களோ, அதையே சொல்லுங்க" என்றார் டைரக்டர். யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

"வயித்துல வாங்கிக்கிட்டு வந்து நிக்கிறியே, சாக ஒரு கெணறு கூடவா ஒனக்குக் கெடைக்கல? வாசல மிதிச்ச, காலை ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!" என்றாள் பெரியம்மா. யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. எவ்வளவு இயல்பான நடிப்பு என்று டைரக்டர் உருகினார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு தன் சொந்த மகளை, என் அக்காவை, தெருவில் நிறுத்தி அவள் சொன்ன அதே வார்த்தைகள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் எல்லோரும் கைதட்டியபோது நானும் தட்டினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

படத்தைத் தேனியில் பார்த்தேன். கதாநாயகி நாலு தடவை திராட்சைக் கூடைக்குள் வாந்தி எடுக்கிறாள், நாலு தடவையும் தியேட்டர் சிரிக்கிறது. வயிற்றில் கட்டிய தலையணை இடுப்புக்கு நகர்ந்துபோக, நிறைமாதக்காரி குதிகால் செருப்போடு பந்தலுக்குள் ஓடுகிறாள். பெரியம்மாவின் கிணறு வசனத்துக்கு, "கெணத்துல தண்ணி இல்லியே" என்று பதில் சொல்கிறாள். விசில் பறக்கிறது. இதை எழுதிய புத்திசாலிக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றில் அன்றைக்குத் தண்ணீர் இருந்தது. அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். நான் பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கூடலூர் போய், ஜீப்பில் தொற்றிக் குமுளிக்குப் போனவள், இன்றுவரை அங்கே ஏலக்காய் பிரிக்கும் வேலை பார்க்கிறாள். அவளை ஏமாற்றியவன் மறு வருஷமே கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பந்தியிலும் பெரியம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அக்காவின் மகளுக்கு இப்போது பதினெட்டு வயது. பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம்தான், பெரியம்மா ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. அக்கா வருஷா வருஷம் மகளின் போட்டோவை என் போனுக்கு அனுப்புவாள். நான் காட்டப்போனால் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஷூட்டிங் அன்றைக்கும் காட்டினேன். "நமக்குன்னு மானம் மரியாத இருக்குடி" என்றாள். மறுநாள் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். கதாநாயகியின் குழந்தையை வாங்கி, "எங்கொலசாமி வந்துருச்சு" என்று கண்ணீரோடு முத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். கிளிசரின் கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது ஊரில் அவளுக்குப் பேர் 'ஆர்ட்டிஸ்ட் அம்மா'. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தன் படத்தைத் தானே மூன்று முறை பார்த்துவிட்டு வந்தாள்.

போன வாரம் படம் போனில் பார்க்கும்படி வந்துவிட்டது. அக்கா கூப்பிட்டாள். பெரியம்மா திட்டியதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"அந்தக் கைப்பிள்ள யாரு பிள்ளடி?"

"மேக்கப்காரரு தங்கச்சி பிள்ளக்கா."

"எத்தன தடவ எடுத்தாக?"

"அஞ்சு தடவ."

"அஞ்சு தடவையும் ஆத்தா முத்தம் குடுத்துச்சா?"

"குடுத்துச்சுக்கா."

அந்தப் பக்கம், படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அவள் மகளின் குரல் கேட்டது. "யாரும்மா இந்தக் கெழவி? செம காமெடி."

"யாரோ நடிக்க வந்தவுக" என்றாள் அக்கா.