டிராயிங் அக்காவும் இரண்டாம் நம்பர் டிஸ்கும்

கறுப்புத் தையல் நூல், ஒரு சாண் நீளம். அதைக் கம்ப்யூட்டரின் முன்பக்கக் கதவுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் செலோ டேப் போட்டு ஒட்டினேன். யாராவது கதவைத் திறந்தால் நூல் பிய்ந்துவிடும். திறந்தவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நெய்வேலியில் மைன்ஸுக்கு சர்வே வேலை செய்து கொடுத்த ஒரு சின்ன கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவன் ஆளைப் பிடிக்கத் தையல் நூலை நம்பினான் என்று இன்றைக்கு என் டீமில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆள் யார் என்று முடிவே கட்டியிருந்தேன். நூல் வெறும் சாட்சி.

அந்த ஆள், டிராயிங் அக்கா. அந்த ஆபீஸில் பதினோரு வருடம் வரைபடம் போட்டவர். மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து, முத்தாண்டிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், கிறிஸ்தவக் குடும்பம். வீட்டுக்காரர் கான்ட்ராக்ட் வேலையில் இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருந்ததால், அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆபீஸ் சாவி அவரிடம். காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, கதவைத் திறந்து, ஈரத்துணியால் மேசை, நாற்காலி, வரைபடம் அச்சடிக்கும் பிளாட்டர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் ஊரில் ஒரு நாள் துடைக்காவிட்டால் மேசையில் விரலால் பெயர் எழுதலாம், அப்படித் தூசி. நான் சேர்ந்த முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்ஜினியரு வந்துட்டாரு. இனிமே மைன்ஸ் மேப்பு தானா வரைஞ்சிக்கும். நாம பொரி தின்னுகினு உக்காரலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

சண்டைக்குக் காரணமான அந்த வொர்க்ஸ்டேஷன் நான் ஸ்கூலில் படிக்கும்போது வாங்கியது. உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்குகள், இழுப்பறை மாதிரி வெளியே உருவும்படி வரிசையாக இருக்கும். நான்கும் சேர்ந்து ஒரே டிஸ்க் போல வேலை செய்யும். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் தாங்கிப் பிடிக்கும். செத்ததை மறுபடி சேர்த்தால், ஏழெட்டு மணி நேரம் எடுத்து அதில் இருந்ததை எல்லாம் திரும்ப எழுதிக்கொள்ளும். ஆனால் அந்த ஏழெட்டு மணி நேரத்துக்குள் இன்னொரு டிஸ்க் காலை வாரினால் கதை முடிந்தது. பதினோரு வருட வரைபடங்களும் போய்விடும். பேக்கப் என்று ஒரு டப்பா இருந்தது. அதில் பாதி ஃபோல்டர் காலி. அதைக் காலியாக விட்டது யார் என்றும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திறந்த காலை அது முதல் தடவை கத்தியது. நீளமாக ஒரு பீப், கொஞ்சம் இடைவெளி, திரும்பப் பீப். இரண்டாம் நம்பர் டிஸ்க் காணவில்லை என்றது ஸ்கிரீன். சேர்த்தேன், சரியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து நான்காம் நம்பர். அப்புறம் மறுபடி இரண்டு. டேட்டா கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், டிஸ்குகளை உருவாமலே சாஃப்ட்வேர் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் பாஸ், ஒரு பிழைகூட இல்லை. நல்லாயிருக்கிற டிஸ்க் தானாகக் கழன்று விழாது. ஆகவே யாரோ கழற்றுகிறார்கள். என் மூளை அவ்வளவு வேகமாக அங்கே போய்ச் சேர்ந்ததை அப்போது புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன்.

ஒரு நோட்டுப் போட்டேன். பீப் வந்த நேரமெல்லாம் காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில். அந்த நேரத்தில்தான் அக்கா பிளாட்டரில் பேப்பர் மாட்ட அந்த மூலைக்குப் போவார். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பே தங்கச்சி வீட்டுக்கென்று லீவு போட்டவர், திரும்பி வந்த அன்றைக்குத்தான் கோளாறு ஆரம்பித்தது. காரணமும் என்னிடம் ரெடி. பழைய மெஷின் போய்ப் புது சிஸ்டம் வந்தால் வரைவதற்கு அக்கா வேண்டியதில்லை என்று மேனேஜர் ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தார். அது அக்காவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர், புது சிஸ்டத்துக்கு மாற்றுவதற்கு முன் டேட்டாவை ஒழித்துக்கட்டப் பார்க்கிறார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அதன் பிறகு அக்கா டீ குடித்தாலும் எனக்குத் திருட்டுத்தனமாகவே தெரிந்தது. போன் வந்து வெளியே போய்ப் பேசினால், யாரிடம் பேசுகிறார் என்று ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன்.

நூல் ஒட்டிய மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். நூல் இல்லை. டேப்பின் ஒரு முனை மட்டும் தொங்கியது.

"அக்கா, இந்த கம்ப்யூட்டரத் தொட்டீங்களா?"

"தொட்டேன். ஏன், ஷாக் அடிக்குமா?"

"எதுக்குத் தொட்டீங்க?"

"தூசி தொடைச்சேன் தம்பி. பதினோரு வருசமா தொடைச்சிகினுதான் இருக்கேன். ஏதோ நூலு ஒட்டிகினு இருந்துச்சு, எடுத்துப் போட்டேன். அதுக்கும் ஒங்கிட்ட பர்மிஷன் லெட்டர் குடுக்கணுமா?"

எனக்கு வேறென்ன வேண்டும்? வாக்குமூலமே வந்துவிட்டது. அன்றைக்கே மேனேஜருக்கு மெயில் அடித்தேன், சென்னை ஹெட் ஆபீஸுக்கும் காப்பி போட்டேன். தேதி, நேரம், டிஸ்க் நம்பர் எல்லாம் போட்டு, "குறிப்பிட்ட ஊழியர் கருவியைக் கையாள்வது சந்தேகத்துக்கு இடமாக உள்ளது" என்று முடித்தேன். அக்காவின் கான்ட்ராக்டை மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும், அந்தப் பட்டியலை முடிவு செய்வது ஹெட் ஆபீஸ் என்பது தெரிந்தேதான் அனுப்பினேன். மேனேஜர், கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், யாரையும் முகத்துக்கு நேரே கடிந்து பேசமாட்டார். அக்காவைக் கூப்பிட்டு, "ரெண்டு நாளைக்கு வீட்ல இருங்கம்மா, செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார். அக்கா சாவியை மேனேஜர் மேசையில் வைத்தார். போகும்போது என் பக்கம் திரும்பி, "நூலு கட்னது நீதானா?" என்று மட்டும் கேட்டார். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா இல்லாத அடுத்த காலையும் மெஷின் கத்தியது. இங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. டூப்ளிகேட் சாவி இருக்குமோ என்று யோசித்தேன், அடுத்த நாள் கத்தியபோது உள்ளே ஏதாவது செருகி வைத்திருப்பாரோ என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீஸைத் திறந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மெஷினை ஆன் பண்ணி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்து மணி தாண்டியது. நானும் அதுவும் மட்டும். மின்விசிறிகூடப் போடவில்லை. பத்தேகாலுக்குப் பீப். இரண்டாம் நம்பர்.

ஆஃப் செய்து அந்த டிஸ்கை உருவினேன். சூடாக இருந்தது. கையில் எடுத்த உடனே ஒரு வாசனை வந்தது. எரிந்த வயர் வாசனை இல்லை. சந்தனம்.

போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். டிஸ்கின் பின்பக்கம், கனெக்டரின் ஓரத்தில், மஞ்சளாக ஒரு பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் நடுவில் கொஞ்சம் சிவப்பு. செருகும்போது உள்ளே போய் உட்கார்ந்து, மெஷின் ஓடிச் சூடேற ஒரு மணி நேரம் ஆனதும் லேசாக விலகி, இணைப்பை விடவைத்திருக்கிறது. நான்காம் நம்பரிலும் அதே பொருக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? அக்கா சந்தனத்தைப் பூசி வைத்துவிட்டார் என்பதுதான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பூஜைக்கு ஊரிலேயே இல்லாதவர், சந்தனம் கரைத்துக்கொண்டு வந்து பூசினாராம். அந்த நினைப்பு ஒரு முழு நிமிஷம் என் மண்டைக்குள் நின்றது. அப்புறம்தான் போனில் போட்டோக்களைப் பின்னால் தள்ளினேன்.

தலைவாழை இலை. அதன் மேல் நான்கு டிஸ்குகள் வரிசையாக. ஒவ்வொன்றின் மேலும் கெட்டியாக, ஈரம் வழிய, சந்தனம், அதன் மேல் குங்குமம், ஒரு சாமந்திப்பூ. பின்னால் எலுமிச்சம்பழம், பொரி. போட்டோ எடுத்தது நான். ஆபீஸ் குரூப்பில் போட்டதும் நான். "எங்க ஆபீஸோட நாலு தெய்வம்" என்று எழுதியதும் நான்.

அன்றைக்கு வேன், சர்வே கருவி, பிளாட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். மேனேஜர் கம்ப்யூட்டர் மேல் ஒரு பொட்டு வைக்கப் போனார். நான் விடவில்லை. "சார், டப்பாவுக்கு எதுக்கு சார் பூஜை? உண்மையான ஆயுதம் உள்ள இருக்கு" என்று சொல்லி, நான்கையும் உருவி, துடைத்து, இலையில் அடுக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பூஜை முடிந்து மேலாகத் துடைத்து, திரும்ப நம்பர் மாறாமல் செருகியதில் அவ்வளவு பெருமை எனக்கு. அந்தப் பெருமையால்தான், யார் தொட்டது என்று மூன்று வாரம் தேடியபோது என் கையை மட்டும் நான் எண்ணவே இல்லை.

கனெக்டர்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மாலைக்குள் டிஸ்க் முழுக்கத் திரும்ப எழுதி முடித்தது. அதன் பிறகு பீப் வரவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். அவர் போட்டோவைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சாமிக்கு செஞ்சதப் போய் குத்தம்னு யார்கிட்டயாவது சொல்லிக்கிட்டு இருப்பாங்களா? மெஷின் சரியாயிருச்சுல்ல, அத்தோட விடுப்பா. அக்காவ நாளைக்கு வரச் சொல்லிரு" என்றார். விட்டுவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. மெயில் சென்னையில் எங்கேயோ கிடந்துவிட்டுப் போகட்டும். அக்காவுக்குப் போன் செய்து, "சரியாயிடுச்சுக்கா, வாங்க" என்றேன்.

"எது சரியாச்சு?"

"மெஷின்."

"மெஷினுக்கா வூட்டுல உக்காரச் சொன்னாங்க?" வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தார். தன் நாற்காலிக்குப் போகவில்லை. தோளில் பையோடு நேராக என் மேசைக்கு வந்து நின்றார். நடந்ததை முழுசாகச் சொன்னேன், போட்டோவையும் காட்டினேன். அக்கா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாதான் அலங்காரம் பண்ணியிருக்க." போனைத் திருப்பிக் கொடுத்தார். "மொத மெயிலு யார் யாருக்குப் போட்ட?"

"மேனேஜருக்கு. ஹெட் ஆபீஸுக்கு."

"அவங்களுக்கே இப்பப் போடு. நான் இங்கயே நிக்கிறேன்."

வேகமாக டைப் அடித்தேன். அதில் நான் கெட்டிக்காரன். பழைய கன்ட்ரோலர், வெப்பத்தால் விரியும் உலோகம், கனெக்டரில் படிந்த அயல்பொருள் என்று மூன்று பத்தி எழுதிவிட்டு ஸ்கிரீனைத் திருப்பினேன். அக்கா நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இதுல நான் எங்கப்பா இருக்கேன்?"

மேலிருந்து கீழ் வரை தேடினேன். இல்லை. என்னையும் காணோம். அயல்பொருள் மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். "டிராயிங் பிரிவில் இருப்பவர் மீது நான் சொன்னது பொய். டிஸ்குகளைக் கழற்றியதும் சந்தனம் பூசியதும் நான்" என்று எழுதி, போட்டோவை இணைத்து அனுப்பினேன். அனுப்பியாயிற்று என்று ஸ்கிரீனில் வந்த பிறகுதான் அக்கா தோளிலிருந்து பையை இறக்கினார்.

மாதக் கடைசியில் வந்த பட்டியலில் அக்கா பெயர் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் பெயரும் இருந்தது. அதற்கு நான் பயப்படவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. என் அப்பா தெர்மல் மின்நிலையத்தில் பர்மனென்ட், மேனேஜரும் அவரும் டவுன்ஷிப்பில் ஒரே பிளாக்.

இப்போது சென்னையில் ஒரு ஹாலில் ஆயிரக்கணக்கான டிஸ்குகளைப் பார்த்துக்கொள்ளும் டீமில் இருக்கிறேன். ஏதாவது ஒன்று விழுந்தால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே யாரோ ஒருவரின் பெயர் அடிபடும், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட் கான்ட்ராக்ட் பையன்களில் ஒருவன். அவனை உடனே அனுப்பிவிடலாம் என்று யாராவது சொல்லும்போது, அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா கேட்டதுதான் என் காதில் விழும். பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, ஈரத்துணியை எடுத்துக்கொண்டே கேட்டார்:

"நான் தொட்டேன்னு நெனச்சதும் வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீ தொட்டது தெரிஞ்சிடுச்சே தம்பி, ஒன்ன எத்தினி நாளு வூட்டுல இருக்கச் சொன்னாங்க?"