மாமியார் மொழிக்கு ஒரு பயணம்

சென்னை ரயில் என்னை மதுரையில் இறக்கிவிட்டபோது காலை 5.50. கே.கே. நகருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசவில்லை. மாமனார் வீட்டுக்குப் போகிறவன் அந்தக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. மனைவி நிர்மலா ஏழு மாதக் கர்ப்பிணி; ஒரு மாதமாக அங்கேதான் இருக்கிறாள்.

அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். தெருவில் மதுரைத் தமிழ், வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு மொழி. கல்யாணமான மூன்று வருஷமாக நானும் கைபேசியில் பதிவு செய்து, நோட்டில் எழுதி, விடாமல் படிக்கிறேன். என்ன பிரயோஜனம்? நான் நுழைந்ததும் மொத்த வீடும் தமிழுக்கு மாறிவிடும். மரியாதையாம்! தப்பித்தவறி அவர்கள் மொழியில் நான் வாய் திறந்தால், மாப்பிள்ளை எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்று பாராட்டிவிட்டு, பதிலைத் தமிழில் சொல்வார்கள். இப்படியே போனால் பிறக்கப்போகும் என் பிள்ளையும் என்னைக் கண்டதும் விருந்தாளியிடம் பேசுவதுபோலத் தமிழுக்கு மாறும்.

ஆட்டோ ஓட்டிய செல்வத்திடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். சௌராஷ்டிரக்காரர் ஜவுளிக்கடையில் பத்து வருஷம் சரக்கு இறக்கியவர். அந்த மொழி சரளமாக வருமாம்.

"என்னைய எவன் மதிச்சுத் தமிழ்ல பேசுனான்ணே? அவுக பாட்டுக்குப் பேசுவாக, நான் கேட்டுக்கிட்டே மூட்டை தூக்குவேன். உங்களத்தான் அம்புட்டு உசரத்துல தூக்கி வச்சிருக்காகளே, எப்படி வரும்?"

ஆளைப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே அத்தை மாமாவோடு சமணர் மலை பார்க்கக் கீழக்குயில்குடி போய்வரவும் அவரையே எண்ணூறு ரூபாய்க்குப் பேசினேன்.

காலை 9.30. வண்டி குலுக்கும் என்று நிர்மலா வரவில்லை. அத்தை, மாமா, நான். பதினைந்து கிலோமீட்டர், நெரிசல் தீர்ந்து வயல்கள் வந்ததும் சமணர் மலை தெரிந்தது. நானும் மாமாவும் படியேறி, பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்த்து இறங்கினோம். கீழே தாமரைக் குளம், ஆலமரம், நல்ல நிழல்.

மதியம் 12.15. சாப்பாட்டுப் பையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு அத்தை கை கழுவப் போனார். நான் தாமரையைப் படமெடுக்கப் போனேன். திரும்பினால் புளியோதரைத் தூக்குவாளி மரக்கிளையில், குரங்கின் மடியில்.

அத்தை வந்தார், பார்த்தார், என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். நாலு மணிக்கு எழுந்து கிண்டியதாம். படம் பிடிக்கிற கண்ணுக்குப் பை தெரியாதாம். நாளைக்குப் பிள்ளையையும் இப்படித்தான் குரங்கிடம் கொடுப்பேனாம். அத்தனையும் அவர்கள் மொழியில்! ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. பிள்ளையைக் கீழேயே விடமாட்டேன் அத்தை என்று அதே மொழியில் நானும் சொன்னேன். எப்படி வந்ததென்றே தெரியவில்லை.

அவர் பாராட்டவில்லை. பையையே பிடிக்கத் தெரியவில்லை, இதில் பிள்ளையாம் என்று அடுத்த ரவுண்டு ஆரம்பித்தார்.

மாமாதான் பதறிப்போய்த் தமிழில் தடுத்தார். "மாப்ளையப் போய் இப்படிப் பேசலாமா?"

அத்தை அவரிடமும் தம் மொழியிலேயே திருப்பினார்: "அவருக்குப் புரியுது. புரியிறதாலதான் திட்டுறேன்."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதற்கும் திட்டினார். திரும்பும் வழி முழுக்க ஓயவில்லை. செல்வம் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

மதியம் 1.40. வீட்டு வாசலில் செல்வத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி அத்தை தமிழில், மிக மரியாதையாகக் கூப்பிட்டார். என்னிடம் அவர்கள் மொழியில், கால் கழுவிவிட்டு வந்து தேங்காய் துருவச் சொன்னார்.

துருவினேன்.