மேசியின் வீட்டுப் பலகை

என் தம்பி க்ளைட், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரின் பள்ளிக்கல்வி அலுவலகத்தில் வீடில்லாத பிள்ளைகளுக்கான பொறுப்பாளர். அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவனை, அணி தோற்றுக்கொண்டே இருந்ததால் அந்த நாற்காலிக்குத் தள்ளினார்கள். துடைப்பம் வைக்கும் அறையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். துடைப்பங்களை மட்டும் எடுக்கவில்லை.

தலைமை அலுவலர் பிரிக்ஸ்டன் அவனை வரவேற்ற விதமே தனி.

"நம்ம ஊர்ல வீடில்லாத பிள்ளையே கிடையாது க்ளைட். இருந்தா அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்க மாட்டேனா?"

வீடில்லாத பிள்ளைகளைத் தேடி என் தம்பி காசு போட்டுத் துணி துவைக்கும் கடைகளில் போய் உட்கார்ந்தான். பள்ளிக் கழிவறையில் யார் பல் துலக்குகிறார்கள் என்று கவனித்தான். சின்ன வயதிலிருந்தே எதையும் விட்டுவைக்க மாட்டான். வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அப்படித்தான் நாலு வயது மேசியைக் கண்டுபிடித்தான். அம்மா டானியும் அவளும் பழைய வேனில் குடியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். மழலையர் வகுப்பு தொடங்கும் முன் ஆசிரியை வீட்டுக்கு வந்து, "இங்கே ஒரு பள்ளிப்பிள்ளை வசிக்கிறது" என்ற பலகையை வாசல் புல்தரையில் நட்டுவிட்டுப் போவார். பலகை நிற்கும் இடத்தில்தான் பேருந்து நிற்கும்.

"புல்தரை இல்லேன்னா பலகை இல்ல. பலகை இல்லேன்னா பஸ் இல்ல. முதல் வாரம் வரலேன்னா இடம் அடுத்த பிள்ளைக்கு," என்றார் பிரிக்ஸ்டன்.

"சட்டப்படி இன்னைக்கே சேர்க்கணும் சார்."

"சேர்த்துக்கோயேன். பறந்தா வரப்போறா?"

க்ளைட் பலகையை அவனே எடுத்துப் போய் வேனில் கொடுத்தான். டானி நாற்காலி துடைப்பது போல முன்இருக்கையைத் துடைத்து அவனை உட்கார வைத்தாள். மேசி பிஸ்கட் பரிமாறினாள்.

"இங்க பாரு கண்ணு, வண்டி எங்க நிக்குதோ அங்க இதை நட்டு வை. பஸ் ஓட்டுற அர்லீன் அக்கா அங்க நிறுத்துவாங்க."

"போலீஸ் ராத்திரிக்கு ராத்திரி விரட்டுறாங்களே," என்றாள் டானி.

"விரட்டாத இடம் ஒண்ணு இருக்கு. எங்க ஆபீஸ் வாசல். பத்து மணிக்கு முன்னாடி அங்க ஒரு ஈ காக்கா வராது."

மூன்று நாள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நான்காம் நாள் ஏதோ கூட்டத்துக்காகப் பிரிக்ஸ்டன் விடிந்ததும் வந்துவிட்டார். அலுவலகப் புல்தரையில் பலகை. பக்கத்தில் வேன். எதிரே பேருந்து. வாயில் பல் துலக்கிய நுரையோடு மேசி.

"இது யாரு இடம் தெரியுமா பாப்பா?"

"எங்க வீடு," என்றாள் மேசி. "நீங்களும் இங்கதான் தூங்குவீங்களா?"

பேருந்துக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாரும் சன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். பிரிக்ஸ்டன் பலகையில் கை வைத்தார். அர்லீன் ஹாரன் அடித்தாள்.

"அதைப் பிடுங்குனீங்கன்னா நான் வண்டியை எடுக்க மாட்டேன் சார். பலகை இருக்குற இடத்துல நிறுத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் கையை எடுத்தார். மேசி வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறிப் போனாள்.

அன்று மதியம் அவர் துடைப்ப அறைக்கு முதல் தடவையாக வந்தார்.

"சரி, ஒரு பிள்ளை இருக்குன்னு வச்சுக்கலாம்."

"வச்சுக்குங்க சார். நான் கண்டுபிடிச்ச மத்த பிள்ளைங்களுக்கும் பலகை வேணும். உங்க புல்தரை பெருசுதானே?"